செவலையின் இடது கொம்பு

அன்புள்ள கண்ணுக்கு,

மூன்று மாதத்துக்கு முன் நீ அனுப்பிய படத்தை அழிக்காமல் வைத்திருக்கிறேன். கருப்புக் காளை, உச்சி கூம்பிய தலை, கொம்பு முளைத்த தடமே இல்லை. படத்துக்குக் கீழே ஒரு வரிகூட நீ எழுதவில்லை. அங்கஸ் இன மாடு என்று நானே கண்டுபிடித்துக்கொண்டேன். சரிதானே?

கொம்பில்லாத மாடு சாது என்று எண்ணிவிடாதே. நெற்றியால் இடித்தாலே விலா உடையும். எந்த மாட்டுக்கும் நேர் முன்னால் நிற்காதே, பக்கவாட்டில் நில்.

தாயோ தகப்பனோ ஒரு பக்கத்திலிருந்து கொம்பில்லாத குணம் வந்தாலே கன்றுக்குக் கொம்பு முளைக்காது என்று போன வருடம் நீ சொன்னபோது நான் நம்பவில்லை. அப்புறம் படித்துப் பார்த்தேன், நீ சொன்னதுதான் சரி. என் மகள் சொன்னாள் என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் விட்டேன். அந்த மகள்தான் அம்மாவிடம் ஒரு நிமிடம் பேசமாட்டேன் என்கிறாள்.

பெரியம்மா வந்து ஏதோ சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை. அது இருக்கட்டும்.

எனக்கென்னவோ கொம்போடு இருந்தால்தான் மாட்டுக்கு முகம். காங்கேயம் காளைக்கு இரண்டு கொம்பும் வெளியே விரிந்து பின்னால் போய், நுனி உள்ளே திரும்பி வட்டத்தை முடிக்கப் பார்க்கும். ஹள்ளிகார் மாட்டுக்கு அடியில் நெருக்கமாகக் கிளம்பி, பின்னால் நேராகச் சாய்ந்து, பிறகு முன்னால் வளைந்து ஊசி மாதிரி நிற்கும். கிர் மாட்டுக்குக் கீழே இறங்கிப் பின்னால் போய்த்தான் மேலே ஏறும். இருட்டில் தடவிப் பார்த்தே இனம் சொல்லிவிடலாம். ஆப்பிரிக்காவின் அங்கோலே மாட்டுக்கு ஒரு கொம்பே ஒரு மீட்டர் நீளம் போகுமாம், அதைத் தூக்கிக்கொண்டு எப்படித்தான் தலையை ஆட்டுமோ. எல்லாவற்றுக்கும் மேலே நகம் மாதிரி ஓடு, உள்ளே உயிருள்ள எலும்பு. அதை மறந்தால்தான் வினை.

மறந்தவன் நான்தான். அந்தக் காரிக் கன்றைச் சொல்கிறேன். கொம்புக் குருத்து முதல் இரண்டு மாதம் மண்டை எலும்போடு ஒட்டாமல் தோலோடு அசையும், அப்போதே மரத்துப்போக ஊசி போட்டுச் சுட்டிருக்க வேண்டும். இன்றைக்கு நாளைக்கு என்று எட்டு மாதம் ஓட்டிவிட்டு, ஊசியும் போடாமல் ரம்பத்தை எடுத்தேன். நீ கயிறு பிடித்தாய். கொம்பு விழுந்ததும் மண்டைக்குள் ஓட்டை தெரிந்தது, ரத்தம் உன் பாவாடையில் தெறித்தது. "அழாதே, பிடி" என்று கத்தினேன். பிறகு புழு வைத்தபோது தினமும் மருந்து போட்டவள் நீ. தானாக ஆறிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னவன் நான். அதற்கப்புறம் எதற்கும் நீ என்னிடம் வந்து அழுததில்லை. உன்னைத் தைரியசாலி என்று நானும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தம்பி தேறிவிட்டான். மோட்டார் மறுபடி போய்விட்டது. நீ சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? மாட்டுக்கு முன்னால் நிற்காதே.

செவலைக் கிடாரிக்கு வலது கொம்பு ஒழுங்காக ஏறுகிறது, இடது கொம்பு கண்ணைப் பார்த்து இறங்குகிறது. நுனியை மட்டும் எடுத்தால் வலிக்காது என்கிறார்கள். உள்ளே எலும்பு எதுவரை வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. படம் அனுப்புகிறேன். எத்தனை விரல் விடலாம் என்று போன் செய்து சொல். ராத்திரி எத்தனை மணியானாலும் எடுப்பேன். நீ சொல்லும்வரை ரம்பத்தைத் தொடமாட்டேன்.

அப்பா