கறியை விட்ட மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

நாங்கள் நலம். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை. மழை ஏமாற்றிவிட்டதால் சோளத்தட்டு விலை ஏறிக் கிடக்கிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை.

போனில் நீ சொன்னதற்கு நான் ஒன்றும் பேசவில்லை என்று கோபமாக நினைத்திருப்பாய். குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது, பக்கத்தில் உன் அத்தை வேறு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதனால்தான் கடிதம். கறி, மீன், முட்டை மூன்றையும் விட்டுவிட்டாய். சரி, விடு. இந்த வீட்டில் யாரும் உன் தட்டில் எதையும் திணிக்கப் போவதில்லை. ஆனால் மாசிக் கெடாவெட்டுக்கு வரமாட்டேன், அந்தப் பந்தியில் உட்காரவே முடியாது என்றாயே, அதில்தான் எனக்கு உன்னோடு வழக்கு.

நீ அனுப்பிய குறளை அப்பாவிடம் காட்டினேன். புலால் மறுத்தல் அதிகாரத்தை வள்ளுவர் துறவறவியலில்தான் வைத்திருக்கிறார், அது சாமியாருக்குச் சொன்னது, சம்சாரிக்கு ஏன் என்று மடக்கினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தின்பதற்கு ஆள் இல்லாவிட்டால் விலைக்கு விற்பதற்கும் ஆள் இருக்காது என்று அந்தக் குறள் சொல்வது சந்தைக்குப் போகிறவனுக்கான கணக்கு. எந்தச் சாமியார் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வரிசையில் நிற்கிறார்? இதில் நான் உன் கட்சி.

ஆனால் அதே கணக்கை உன் காப்பி டம்ளருக்கும் போட்டுப் பார். பாலுக்காக மாடு வருஷா வருஷம் சினையாக வேண்டும். கிடாரி பிறந்தால் வீடே சிரிக்கும். காளைக்கன்று என்றால் அப்பா பேசாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார், நீயே பார்த்திருக்கிறாய். உழவுக்கு டிராக்டர் வந்தாயிற்று, கலப்பினக் காளைக்கு ஏரும் இல்லை, வண்டியும் இல்லை. போன ஐப்பசியில் நம் செவலை போட்டது காளைதான். நெற்றியில் வெள்ளைச் சுட்டி, வாலை ஆட்டிக்கொண்டு மடியை முட்டி முட்டிக் குடிக்கும். தீனி கட்டுப்படியாகவில்லை என்று வியாபாரிக்குக் கொடுத்தோம். அவன் கொண்டுவந்த புதுக் கயிற்றைப் போட்டு, நம் கயிற்றை அவிழ்த்து அப்பா கையில் வைத்துக்கொண்டார். மூன்று நாள் செவலை கத்திக்கொண்டே இருந்தது, சொசைட்டிச் சீட்டில் பால் அளவும் குறைந்துபோனது. வற்றிப்போன கிழட்டு மாடுகளும் பொள்ளாச்சிச் சந்தை வழியாகக் கேரளாவுக்குத்தான் லாரி ஏறுகின்றன. எதற்கு என்று உனக்குத் தெரியும். கடையில் பாக்கெட்டைத் திருப்பிச் சைவம் என்று காட்டுகிற பச்சைப் புள்ளியைத் தேடுகிறாயே, பால்பவுடர் போட்ட பிஸ்கட்டிலும் அந்தப் புள்ளி இருக்கும். இந்தக் கன்று அதில் கணக்கு வராது.

பாலையும் விடு என்று சொல்லவில்லை. அந்தப் பால் காசில்தான் உன் ஹாஸ்டல் ஃபீஸ் கட்டினோம். ஒரு உயிருக்காவது வலி குறையட்டும் என்று நீ நினைப்பது நல்ல நினைப்பு, அதைச் செய். ஆனால் என் தட்டு சுத்தம், உங்கள் தட்டு அசிங்கம் என்று பேச மட்டும் நம் யாருக்கும் வழியில்லை.

கெடா விஷயத்துக்கு வருகிறேன். நம் கெடா வேப்பங்குழை தின்று, வேலி தாண்டித் திட்டு வாங்கி, ஒரு வருஷத்துக்கு மேல் தன் காலில் திரிந்த ஜீவன். மஞ்சள் தண்ணீர் தெளித்து, அது உடம்பைச் சிலுப்பும்வரை ஊரே காத்து நிற்கும். அதனால் அதற்கு வலிக்காது என்று கதை விட மாட்டேன். ஆனால் பல்லடம் பக்கம் செட்டுகளில் நாற்பது நாளில் இரண்டு கிலோவுக்கு ஊதவைத்து லாரியில் அடைத்து அனுப்புகிறார்களே அந்தக் கோழியையும், நாமக்கல் பண்ணைகளில் கூண்டை விட்டு இறங்காமலே முட்டை போட்டு முடிகிற கோழியையும் நினைத்துப் பார். எது பெரிய பாவம் என்று கேட்டால் செட்டைத்தான் கை காட்டுவேன். 2003-ல் கோயிலில் பலி கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. 1950-லிருந்து சும்மா கிடந்த சட்டம் அது. அப்போதும் கறிக்கடை ஒன்றையும் மூடவில்லை, கோழிச் செட்டு ஒன்றையும் கேட்கவில்லை. அடுத்த வருஷமே அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள்.

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. பெங்களூரில் நீ வீடு தேடியபோது, "நான்வெஜ் சாப்பிடுவீங்களா?" என்று கேட்டுவிட்டு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தாரே ஒரு வீட்டுக்காரர், அன்று ராத்திரி போனில் உன் குரல் எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவர் அடுப்பைப் பற்றியா கேட்டார்? எந்த ஜாதி என்று நேராகக் கேட்க வாய் வராமல் சுற்றி வளைத்துக் கேட்டார். இப்போது அந்தக் கேள்விக்கு உன்னால் சுலபமாகப் பதில் சொல்ல முடியும். அதற்காக அவர் பக்கம் போய் நின்றுகொள்ளாதே. 2014-ல் மத்திய அரசு எடுத்த கணக்கில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம். அத்தனை பேரும் ஈரமில்லாதவர்களா? கொல்லாமையை வள்ளலாரைவிடக் கறாராகச் சொன்னவர் யார்? அவரே, கறி தின்கிறவனானாலும் பசி என்று வந்தால் சோறு போடு என்றார். வடலூர் தருமசாலையில் 1867-ல் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது.

அதனால் நீ வா. பந்தியில் எங்களோடு உட்கார். உனக்கென்று தனிச் சட்டியில் அரிசிம்பருப்பு ஆக்கி, தனிக் கரண்டி போட்டு வைக்கிறேன். அத்தை ஏதாவது சொன்னால் சிரித்துக்கொண்டே ரசம் கேள், அவருக்கு அதுவே போதும்.

அப்புறம், சாப்பாடு. நீ சமைப்பதை வீடியோ காலில் பார்த்துவிட்டுத்தான் இத்தனையும் எழுத உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள். காலையில் பிரெட் ஜாம், மத்தியானம் ரசம் சாதமும் அப்பளமும், ராத்திரி நூடுல்ஸ். இதற்குப் பெயர் கறியை விட்டது மட்டும்தான், வேறு எதையும் நீ பிடிக்கவில்லை. உடம்பு எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகப் புரதம் வேண்டும், உனக்கு நாற்பத்தைந்து கிராமாவது வரும். அப்பளத்தில் அது வராது. நூறு கிராம் பச்சைப்பயறில் 24 கிராம் இருக்கிறது, கொள்ளிலும் கிட்டத்தட்ட அவ்வளவு. ராத்திரி ஊறப்போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் குக்கரில் நாலு விசில், அவ்வளவுதான் வேலை. பயறு வெந்ததும் சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், சீரகம் வதக்கிப் போட்டு மத்தால் கடை. மிக்ஸியில் போட்டால் கூழாகிவிடும். முழுப் பயறு கொஞ்சம் பல்லில் சிக்க வேண்டும். சோற்றோடு சேர்ந்தால்தான் பருப்புக்கு முழுப் பலன், ஒன்றில் இல்லாதது மற்றதில் இருக்கிறது. கொள்ளு வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடாதே, அதுதான் ரசம்.

கீரை, முருங்கை எல்லாம் இரும்புச்சத்து என்பார்கள். கறியில் இருப்பதுபோல அது உடம்பில் லேசில் ஒட்டாது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கத்தை விடு, ஒரு மணி நேரம் போகட்டும். மாதா மாதம் உனக்குப் போகிற போக்குக்கு இது முக்கியம்.

முக்கியமானது வைட்டமின் பி12. எந்தக் காயிலும் எந்தப் பயறிலும் கிடையாது, யார் என்ன சொன்னாலும் நம்பாதே. பால், தயிர் எடுக்கும்வரை கொஞ்சம் கிடைக்கும், நாளைக்கு அதையும் விட்டால் மாத்திரைதான். உடம்பு சேர்த்து வைத்தது சில வருஷம் தாங்குவதால் குறைவது உடனே தெரியாது. கால் மரத்துப்போய், ஞாபகம் தடுமாறும்போதுதான் தெரியும். இந்த மாதமே ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிட்டு ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பு.

மேலத்தோட்டத்துப் பையன் வியாழக்கிழமை பெங்களூர் வருகிறான். கொள்ளு, பச்சைப்பயறு, தட்டப்பயறு மூன்றும் காயவைத்துக் கட்டி வைத்திருக்கிறேன், கொள்ளுப்பொடியும் இருக்கிறது. அவன் வரும்போது போன தடவை கொண்டுபோன எவர்சில்வர் தூக்கைக் கொடுத்துவிடு. அது அம்மிச்சி வீட்டுத் தூக்கு, உன் மாமா கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

அன்புடன்,
அம்மா