பாட்டியின் குரலைப் பதிந்து வையுங்கள்

ஆசிரியருக்கு,

தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்த பாட்டிக்கு நினைவுக் குறிப்பு எழுத உட்காரும்போதுதான், பிறந்த தேதிக்கும் இறந்த தேதிக்கும் நடுவே நமக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்பது உறைக்கிறது. அவர் இருக்கும்போதே கேட்டுப் பதிந்துவிட வேண்டும்.

செல்போனே போதும். அழைப்பு வந்தால் பதிவு அறுபடலாம். ஏரோபிளேன் மோடில் போடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, அவரிடமிருந்து ஒரு முழ தூரத்தில், மடித்த துணிமேல் போனை வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் விரல் பட்டாலும் இடிபோலக் கேட்கும். ஒரு தடவைக்கு 40 நிமிடம் தாராளம்.

"உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க பாட்டி" என்றால், "என்ன இருக்கு சொல்ல?" என்பார். "பத்து வயசுல இருந்த வீட்டுல, உள்ளே நுழைஞ்சதும் என்ன இருக்கும்?" என்று கேளுங்கள். பேச்சு நின்றால் பத்து நொடி சும்மா இருங்கள். அதன்பின் வருவதுதான் பெரும்பாலும் நாம் கேட்டிராதது. வருடம் தவறாகச் சொன்னால் அங்கேயே திருத்தாதீர்கள், பேச்சே அடங்கிவிடும். பிறகு சான்றிதழ்களோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

பழைய படங்களின் பின்னால் பெயர் எழுத மென்மையான பென்சில்தான் சரி. பால்பாயின்ட் பேனாவை அழுத்தினால் முகத்தில் தடம் விழும். வழவழப்பான தாளில் பென்சில் பிடிக்காது, உறையில் எழுதுங்கள்.

- ஒரு வாசகி