பள்ளிக்கூடத் திருப்பணி நிறைவு அறிக்கை: செஸ் ஒலிம்பியாட் முடிஞ்ச ஊர்ல டீச்சர்களுக்கு ஒரு ரூம்

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். வேலை முடிஞ்சு, திறப்பும் முடிஞ்சு ஒரு மாசம் ஆகப்போகுது, கணக்கு எங்க கணக்கு எங்கன்னு டீக்கடையில கேக்குறவங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க, நியாயம்தான், அதனால மொத்தத்தையும் உக்காந்து எழுதிட்டேன். கொஞ்சம் நீளமாதான் போகும். ரூபா கணக்கு மட்டும் போதும்ங்கறவங்க நேரா கடைசிக்கு போயிடுங்க.

முதல்ல இந்தப் பேரு விஷயம். "கோயிலே இல்ல, இதுல என்னய்யா திருப்பணி"ன்னு பெரியவர் ஒருத்தர் கூட்டத்துலயே கேட்டாரு. மாரியம்மன் கோயில் வேலைக்கு போட்ட அதே கமிட்டி, அதே நோட்டு, "திருப்பணிக் கமிட்டி"ன்னு அச்சடிச்ச ரசீது புக்கு இன்னும் நாலு மிச்சம் இருந்துச்சு, அதை வீணாக்க மனசு வரலை. இதான் நெஜக் காரணம்.

விஷயத்துக்கு வரேன். ரஷ்யாவுல நடக்க வேண்டிய 44வது செஸ் ஒலிம்பியாட் உக்ரைன் போரால கை மாறி, 2022 மார்ச்ல மாமல்லபுரத்துக்குன்னு முடிவாச்சு. ரெண்டு வருஷம் வேலை பாக்க வேண்டியதை நாலு மாசத்துல முடிச்சாங்க, அதுக்கு அரசாங்கத்துக்கு ஒரு கும்பிடு. ஜூலை 28 சென்னை நேரு ஸ்டேடியத்துல தொடக்க விழா, அன்னைக்கு நம்ம மாவட்டத்துக்கும் உள்ளூர் லீவு விட்டாங்க. மறுநாள்லேர்ந்து இங்க பக்கத்துல பூஞ்சேரியில ஆட்டம், ஓபன்ல 188 டீம், பெண்கள்ல 162 டீம். நம்ம ஊருக்கு ரோடு வந்துச்சு, லைட்டு வந்துச்சு, பாக்குற சுவருல எல்லாம் போட்டியோட சின்னம், வேட்டி சட்டை கட்டின குதிரைத் தம்பி கைகூப்பிக்கிட்டு நின்னாரு. 2019ல சீன அதிபர் வந்தப்பவும் இப்படித்தான் ஊரே பளபளன்னு ஆச்சு, ஞாபகம் இருக்கும்.

டீச்சர்களுக்கு என்ன வந்துச்சுன்னா, வேலை வந்துச்சு. எல்லா அரசுப் பள்ளியிலயும் செஸ் போட்டி வை, ஜெயிச்ச பசங்க லிஸ்ட்டை அனுப்பு, போட்டோ எடுத்து குரூப்ல போடு. நம்ம ஸ்கூல்ல அப்ப இருந்தது ஒரே ஒரு செஸ் போர்டு, அதுலயும் ஒரு யானை காணாம போயி அதுக்கு பதிலா சோடா மூடி நின்னுக்கிட்டு இருந்துச்சு. விளையாட்டு வாத்தியார் போஸ்டிங்கும் கெடையாது. அதனால ஆறாங்கிளாஸ் கணக்கு டீச்சர் தலையில விழுந்துச்சு, அவங்களுக்கு குதிரை எப்படி நகரும்னே அதுவரைக்கும் தெரியாது, ராத்திரி வீட்டு வேலை எல்லாம் முடிச்சிட்டு போன்ல வீடியோ பாத்து கத்துக்கிட்டு காலையில வந்து பசங்களுக்கு சொல்லித் தருவாங்க. ராஜாவும் யானையும் ஒரே நேரத்துல நகர்ற அந்த காஸ்லிங்கை ஒரு பையன் "டீச்சர் இது அழுகுணி ஆட்டம்"னு சொல்லிட்டான்னு இன்னைக்கும் சிரிப்பாங்க.

பசங்களுக்கு அந்த ரெண்டு வாரம் திருவிழா, அதை நான் கொறைச்சு சொல்லவே மாட்டேன். பாலஸ்தீனத்துலேர்ந்து 8 வயசு ராண்டா வந்து ஆடுனதை பாத்துட்டு மூணாங்கிளாஸ் பொண்ணுங்க எல்லாம் நாங்களும்னு நின்னுச்சுங்க. குகேஷ் வரிசையா எட்டு ஆட்டம் ஜெயிச்சப்ப பால்பூத்துல கூட அதே பேச்சு. நம்ம ஓபன் டீம் ஒண்ணுக்கும் பெண்கள் டீமுக்கும் வெண்கலம் வந்துச்சு, நிறைமாசமா இருந்துக்கிட்டு ஹரிகா வந்து ஆடுனதைப் பத்தி டீச்சர்கள் எல்லாம் தனியா ஒரு மணி நேரம் பேசியிருப்பாங்க. ஆகஸ்ட் 9 முடிஞ்சுது, அடுத்த வாரமே பேனரை எல்லாம் கழட்டிட்டாங்க.

செப்டம்பர்ல நம்ம கூட்டம். ஒரு ஞாபகார்த்தமா ஸ்கூல்ல "செஸ் ஹால்" கட்டலாம், வாசல்ல ராஜா ராணி சிலை வெச்சு ஆர்ச் போடலாம்னு பெரிய பேச்சு, நானும் அந்தக் கட்சிதான், மறைக்கலை. தலைமையாசிரியர் ஒண்ணும் சொல்லாம கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நம்ம பொருளாளர் அக்காதான் மேஜை மேல இருந்த ஒரு தண்ணி பாட்டிலை எடுத்து, "என்ன டீச்சர், நாலு மணியாச்சு, காலையில ரொப்புன தண்ணி அப்படியே கழுத்து வரைக்கும் இருக்கு"ன்னு கேட்டாங்க. டீச்சர் சிரிச்சிட்டு விட்டுட்டாங்க. அக்கா விடலை. அப்புறம்தான் வந்துச்சு. பசங்க டாய்லெட் தவிர வேற எதுவும் இல்ல, அதுலயும் பாதி நாள் தண்ணி வராது. செங்கல்பட்டுலேர்ந்தும் திருக்கழுக்குன்றத்துலேர்ந்தும் பஸ்ஸுல வர்ற மூணு டீச்சர், காலையில ஏழு மணிக்கு வீட்டை விட்டா திரும்பப் போயி சேர்ற வரைக்கும் தண்ணியை குடிக்கிறதே இல்ல, மதியம் சோத்துக்கு ரெண்டு மடக்கு, அவ்வளவுதான். சோறும் வகுப்புலயே, பசங்களுக்கு நடுவுல, நோட்டை தள்ளி வெச்சுட்டு. நாம எல்லாரும் அந்த ஸ்கூல்ல படிச்சவங்க, ஒருத்தருக்கும் இது கண்ணுல பட்டதே இல்ல. செஸ் ஹால் பேச்சு அங்கயே படுத்துருச்சு.

அதே கூட்டத்துல நம்ம ரிட்டயர்டு ஹெச்எம் ஐயா பேசுனதை சுருக்கமா எழுதறேன், ஏன்னா சில பேரு இன்னும் "செஸ்ஸுன்னு ஆரம்பிச்சுட்டு கக்கூஸ் கட்டிட்டாங்க"ன்னு சொல்லிக்கிட்டு திரியறாங்க. ஐயா சொன்னாரு, தென்னாப்பிரிக்காவுல 2010 ஃபுட்பால் வேர்ல்டு கப்புக்கு ஸ்கூலை எல்லாம் ஒரு மாசத்துக்கு மேல மூடிட்டாங்க, விட்டுப்போன பாடத்தை முடிக்க வேண்டியது யாரு, டீச்சருங்கதான். பிரேசில்ல 2014 வேர்ல்டு கப்புக்கு முன்னாடி ஸ்ட்ரைக்ல இருந்த டீச்சர்கள் ரியோவுல நேஷனல் டீம் போன பஸ்ஸையே சூழ்ந்துக்கிட்டு ஸ்டிக்கர் ஒட்டுனாங்க, ஸ்டேடியத்துக்கு காசு இருக்கு எங்களுக்கு இல்லையான்னு. பாரிஸ் ஒலிம்பிக்ஸை சாக்கா வெச்சு பிரான்ஸ்ல தொடக்கப் பள்ளியில தினம் 30 நிமிஷம் உடம்பு அசையணும்னு கொண்டாந்திருக்காங்க, நல்லதுதான், ஆனா அந்த 30 நிமிஷத்தை நடத்தப்போறதும் அதே கிளாஸ் டீச்சர்தானே. லண்டன்ல 2012ல பண்ண ஒண்ணுதான் ஐயாவுக்கு பிடிச்சுது, விருந்தோட விக்கிற பணக்கார டிக்கெட்டுல கொஞ்சம் கூடுதலா வாங்கி, அந்தக் காசுல ஸ்கூலுங்களுக்கு ஃப்ரீ டிக்கெட். "எல்லா ஊர்லயும் பசங்களை நெனைக்கிறாங்க, பசங்களை கூட்டிட்டுப் போறவங்களை நெனைக்கிறது அபூர்வம்"னு சொல்லிட்டு உக்காந்துட்டாரு. அன்னைக்கே தீர்மானம் போட்டோம்: டீச்சர்களுக்கு ஒரு ரூம், ரெண்டு டாய்லெட், அதோட செஸ்ஸு, ஆனா முதல்ல பசங்களுக்கு இல்ல, டீச்சர்களுக்கு.

அதுக்கப்புறம் பட்ட பாடு. 2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கமா கரை கடந்துச்சு, வரவேண்டிய நன்கொடையில பாதி மீன்புடி வீடுகளோட ஓட்டுக்கும் வலைக்கும் போயிருச்சு, போகத்தான் வேணும், யாரையும் கேக்கலை. அதே மாசம் அரசாங்கம் "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி"ன்னு திட்டம் கொண்டாந்து முன்னாள் மாணவர்களும் குடுக்கலாம்னு சொன்னது நமக்கு வசதியாப் போச்சு, வெளிநாட்டுல இருக்குற நம்ம பசங்க கேள்வி கேக்காம அனுப்புனாங்க. பர்மிஷன் மட்டும் லேசுல வரலை. ஒரு ஆபீஸ்ல ஃபைல் எட்டு மாசம் தூங்குச்சு, அதைப் பத்தி இதுக்கு மேல எழுதலை, நாளைக்கும் அங்கதான் போயி நிக்கணும்.

2024 ஜனவரியில வாணம் தோண்டுனோம். கொத்தனார் முதல் நாளே சொல்லிட்டாரு, இங்க போர் தண்ணி உப்பு, இதை ஊத்தி கான்கிரீட் போட்டா உள்ள கம்பி துருப்புடிச்சு அஞ்சாறு வருஷத்துல காரை கொட்டும்னு. அதனால கலவைக்கும் சரி, நனைக்கிறதுக்கும் சரி, லாரித் தண்ணிதான். "தண்ணிக்கு இவ்வளவா"ன்னு கேட்டவங்களுக்கு பதில் இதுதான். செப்டிக் டேங்குக்கு அஞ்சடி தோண்டுனதுமே ஊத்து வந்துருச்சு, கடலோரம் ஆச்சே, அதனால உறையை மேலேயே நிறுத்தி டாய்லெட் தரையை மூணு படி ஒசத்திட்டோம். முட்டி வலி இருக்குற டீச்சர் ஒருத்தங்க இருக்காங்க, அவங்களுக்காக கைப்பிடி கம்பி வெச்சிருக்கோம், அது பிளான்ல இல்லாதது.

சுவரு எழும்புறப்ப பார்லிமென்ட் எலெக்‌ஷன் வந்துருச்சு. நம்ம ஸ்கூல்தான் பூத்து, ஏப்ரல் 19 ஓட்டு, அதுக்குள்ள எம்சாண்டையும் ஜல்லியையும் கேட்டுக்கு வெளியில தள்ளு, சென்ட்ரிங் பலகையை எடு, வேலையை நிறுத்துன்னு உத்தரவு. நிறுத்துனோம். வெளியில தள்ளுன மணல்ல ஒரு லோடு எங்க போச்சுன்னு தெரியலை, நம்ம ஊர்ல ரெண்டு வீட்டுல அந்த மாசம் திண்ணை பூசுனாங்கங்கறது தற்செயலாத்தான் இருக்கும்.

இப்ப கமிட்டி தப்பு ஒண்ணு, ஒத்துக்கறோம். டாய்லெட் கதவை கிரவுண்டைப் பாத்து வெச்சுட்டோம். பிளான் போட்டது அஞ்சு ஆம்பளைங்க, ஒருத்தருக்கும் தோணலை. சட்டம் மாட்டுனதுக்கப்புறம் டீச்சர்கள் வந்து பாத்துட்டு தயங்கித் தயங்கி சொன்னாங்க, "இருநூறு பசங்க பாத்துக்கிட்டு இருக்க நாங்க எப்படி சார் உள்ள போறது?" இடிச்சோம். ரூமுக்குள்ளேர்ந்தே போற மாதிரி பக்கவாட்டுல கதவை மாத்துனோம், அதுல 11,000 ரூபா தண்டம், கட்டுமானச் செலவுலயே சேர்ந்திருக்கு. முன்னாடியே கேட்டிருந்தா செலவே இல்ல.

ரூம் இருபதுக்கு பதினாலு அடி. சுவரோரமா ஆளுக்கொரு பூட்டு போட்ட அலமாரி, நடுவுல சாப்பாட்டு மேஜை, ரெண்டு ஃபேன், சின்க். ஜன்னல் ஓரத்துல கல் மேஜை ஒண்ணு இருக்கு, அதை எல்லாரும் ஒரு தடவை போயி தொட்டுப் பாத்துட்டு வாங்க. நம்ம ஊரு சிற்பி ஒருத்தர் பண்ணது, பேரு போடக்கூடாதுன்னுட்டாரு. கருங்கல்லுல 64 கட்டம், வெள்ளைக் கட்டத்துக்கு கல்லு மாத்தலை, அதே கல்லுதான், உளியால பொள்ளி பொள்ளி வெளுப்பாக்கி வெச்சிருக்காரு, கறுப்புக் கட்டத்தை மட்டும் பாலீஷ் பண்ணியிருக்காரு. கையை வெச்சு தடவுனா கண்ணை மூடிக்கிட்டே எது கறுப்பு எது வெள்ளைன்னு சொல்லிடலாம். கல்லு வெலை மட்டும் வாங்கிக்கிட்டாரு, கூலி ஒத்த ரூபா வாங்கலை.

வகுப்பு விஷயம். கட்டடத்துக்கு காத்திருக்காம 2023லயே ஆரம்பிச்சுட்டோம். ரிட்டயர்டான செஸ் கோச் ஒருத்தர் பத்து சனிக்கிழமை வந்து டீச்சர்களுக்கு மட்டும் சொல்லிக் குடுத்தாரு, சுத்துப்பட்டு ஸ்கூலேர்ந்தும் வந்தாங்க, மொத்தம் பதினாலு பேரு. எப்படி ஜெயிக்கிறதுங்கறதை விட, நாப்பது பசங்க இருக்குற வகுப்புல நாலே போர்டை வெச்சு எப்படி நடத்துறதுங்கறதுதான் பாடம். சும்மா வரச் சொல்லலை, பஸ் சார்ஜும் டீயும் சாப்பாடும் கமிட்டி குடுத்துச்சு. இதுக்கு எதுக்கு காசுன்னு ஒரு உறுப்பினர் சண்டை போட்டாரு. லீவு நாள்ல வர்றவங்களுக்கு பஸ்ஸுக்கு கூட குடுக்கலைன்னா, ஒலிம்பியாட்டுக்கு வேலை வாங்குன மாதிரிதானே நாமளும் வாங்குறோம்? ஒலிம்பியாட் நடத்துன பட்ஜெட்ல பக்கத்து ஊரு டீச்சர்களுக்குன்னு இப்படி பத்து சனிக்கிழமை ஒதுக்கியிருந்தா, செலவு பந்தல் கயிறு காசு கூட ஆகியிருக்காதுங்கறது என் அபிப்பிராயம், கமிட்டி அபிப்பிராயம் இல்ல.

திறப்பு நவம்பர் கடைசியில இருந்திருக்கணும். ஃபெஞ்சல் புயல் மழையில அடிச்ச பெயின்ட்டு பொரி பொரியா வந்துருச்சு, திருப்பி அடிச்சோம். கடைசியில டிசம்பர் 15 ஞாயித்துக்கிழமை. மூணு நாளைக்கு முன்னாடிதான், 12ஆம் தேதி, குகேஷ் சிங்கப்பூர்ல டிங் லிரெனை ஜெயிச்சு 18 வயசுல வேர்ல்டு சாம்பியன் ஆகியிருந்தாரு, பசங்க குதிச்ச குதியில நாங்க ஏதோ நாள் பாத்து வெச்ச மாதிரி ஆயிருச்சு. பெரிய மனுஷங்க யாரையும் கூப்புடலை. சீனியர் டீச்சர் ரிப்பன் வெட்டுனாங்க, ரூம்லயே பால் காய்ச்சினோம், சர்க்கரைப் பொங்கல், சுண்டல்.

கணக்கு. வரவு: உறுப்பினர் நன்கொடை 4,86,500, வெளியூர் வெளிநாட்டு முன்னாள் மாணவர்கள் 2,75,000, கோயில் திருப்பணி மிச்சம் 41,300, ஒரு ரிசார்ட் குடுத்தது 50,000 (ஒலிம்பியாட் சமயத்துல சொன்னது ரெண்டு லட்சம், ரூம் எல்லாம் நெறஞ்சிருந்த நேரம், வாய் தாராளமா இருந்துச்சு). ஆக 8,52,800. செலவு: கட்டுமானம் கதவு ஜன்னல் டைல்ஸ் வயரிங் பெயின்ட் எல்லாம் சேத்து 6,94,000, செப்டிக் டேங்கும் பிளம்பிங்கும் 98,400, லாரித் தண்ணி 13,500, டீச்சர் வகுப்பு 18,600, மேஜைக்கு கல்லு 6,000, திறப்புச் செலவு 4,250. ஆக 8,34,750. கையில 18,050, பேங்க்லதான் இருக்கு, பாஸ்புக்கை யாரு வேணும்னாலும் வந்து பாக்கலாம். பில்லு எல்லாம் பொருளாளர் அக்கா வீட்டுல, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல போங்க, சீரியல் நேரத்துல வேணாம்.

பாக்கி ரெண்டு. டாய்லெட் கழுவுற அம்மாவுக்கு மாசம் 1,500 குடுக்கணும், ஸ்கூல் ஃபண்டுல அதுக்கு வழியில்ல, கையில இருக்குற காசு சரியா ஒரு வருஷத்துக்கு ஓடும், அதுக்கப்புறம் வீட்டுக்கு எவ்வளவுன்னு அடுத்த கூட்டத்துல முடிவு பண்ணணும். ரெண்டாவது, மோட்டார் சுவிட்ச் வெளியில இருக்கு, பந்து எடுக்கப் போற பசங்க போட்டு விட்டுட்டு ஓடிடறானுங்க, டேங்க் ரொம்பி வழியுது. ஒரு பெட்டி போட்டு பூட்டணும். எலெக்ட்ரீஷியன் உறுப்பினர் யாராவது இந்த ஞாயித்துக்கிழமை காலையில ஸ்கூல் பக்கம் வர முடியுமா, சொல்லுங்க.

செயலாளர், கமிட்டிக்காக