முன்னோட்ட ஆய்விடம் எதைக் கேட்பது?

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியைப் படித்து வீட்டில் அனைவரும் மகிழ்ந்தோம். ஓய்வு பெற்ற பின்னும் நெறிமுறைக் குழுக் கூட்டங்கள் என்னை விடுவதாக இல்லை.

பெரிய ஆய்வுக்கு ஒத்திகையாக முப்பது பேரிடம் நடத்திய முன்னோட்ட ஆய்வில் இரத்த அழுத்தம் நன்கு குறைந்ததாகவும், அந்த எண்ணைக் கொண்டே முதன்மை ஆய்வின் மாதிரி அளவை, அதாவது எத்தனை பேரைச் சேர்ப்பது என்பதை, கணக்கிடப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. அத்தனை சிறிய குழுவில் தெரியும் பலன் தற்செயலாகவே மிகுந்தோ குறைந்தோ இருக்கலாம். அதை நம்பி ஆள் எண்ணிக்கையைக் குறைத்தால் பெரிய ஆய்வும் முடிவு சொல்லாமல் போய்விடும். முன்னோட்டத்திடம் நாம் கேட்க வேண்டியது, ஆய்வு நடக்குமா என்பதைத்தான்.

பிரிட்டனின் புரோடெக்ட் ஆய்வு தங்களுக்கு நினைவிருக்கும். புராஸ்டேட் சுரப்பிக்குள் அடங்கிய புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, தொடர் கண்காணிப்பு ஆகிய மூன்றில் எது கிடைத்தாலும் சரியென்று எந்த நோயாளி தன் சிகிச்சையைக் குலுக்கலில் தீர்மானிக்கச் சம்மதிப்பார் என்ற ஐயம் இருந்ததால், முதலில் பிரிஸ்டல், ஷெஃபீல்டு, நியூகாசில் நகரங்களில் முன்னோட்டம் பார்த்தார்கள். தொடக்கத்தில் நூற்றுக்கு முப்பது, நாற்பது பேரே ஒப்புக்கொண்டனர். நோயாளிகளிடம் ஆய்வை விளக்கிய உரையாடல்களை ஆய்வாளர் ஜெனி டோனவன் குழுவினர் ஒலிப்பதிவு செய்து கேட்டபோது காரணம் புலப்பட்டது: மற்ற இரண்டையும் விரிவாகச் சொல்லிவிட்டு, கண்காணிப்பைக் கடைசியில் சுருக்கமாக முடித்திருந்தார்கள். கேட்டவர்களில் சிலர், தங்களைச் சாக விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பதாகவே அதை எடுத்துக்கொண்டனர். வரிசையை மாற்றி, முறையான பரிசோதனைகள் உண்டு, தேவையானால் பின்னர் சிகிச்சைக்கு மாறலாம் என்று விளக்கத் தொடங்கியபின் சம்மதம் 70 விழுக்காட்டை எட்டியது. முதன்மை ஆய்வில் 1,643 பேர் சேர்ந்தனர். பத்தாண்டுகளில் அந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் மூன்று குழுக்களிலுமே நூற்றுக்கு ஒருவர் அளவுதான் என்று 2016இல் முடிவு வெளியாயிற்று. அந்த ஒலிப்பதிவுகளைக் கேட்டிராவிட்டால் இந்த விடைக்கே வழி இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

தங்கள் முப்பது பேரில் எத்தனை பேர் கடைசி அளவீடு வரை வந்தார்கள்? சேர மறுத்தவர்கள் என்ன காரணம் சொன்னார்கள்? அழுத்தம் அளக்கும் கருவியில் கையைச் சுற்றிக் கட்டும் பட்டை, பருத்த கைகளுக்குப் பொருந்தியதா? (சிறிய பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும் என்பது தாங்கள் அறியாததல்ல.) கடிதத்தில் இவை எதுவும் இல்லை. பெரிய ஆய்வுக்குப் போவதா, வேண்டாமா என்று தீர்மானிக்கும் அளவுகோலை முன்கூட்டியே வகுத்திருந்தால், அதையும் எழுதுங்கள்.

மறுத்தவர்களின் பதிவேட்டைப் பெயர்களை நீக்கிவிட்டு அனுப்பி வையுங்கள். அதைப் பார்த்த பின் மாதிரி அளவைச் சேர்ந்தே கணக்கிடுவோம்.

தங்கள் அன்பு நண்பன்