ஓல்டு எப்ரெயிம் ஒரு கரடியின் பெயர் மட்டுமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு மலரில் வந்த, அமெரிக்காவின் யூட்டா மாநிலக் கரடி பற்றிய கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் அந்தக் கரடிக்கு 'ஓல்டு எப்ரெயிம்' என்று பெயர் வைத்தவர் ஆடு வளர்த்த ஃபிராங்க் கிளார்க் என்று எழுதியிருப்பது சரியல்ல. ராக்கி மலைகளில் தோலுக்காகப் பொறி வைத்துத் திரிந்தவர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே எந்தக் கிரிஸ்லிக் கரடியையும் (வட அமெரிக்காவின் பழுப்புக் கரடி வகை) அப்படித்தான் அழைத்தார்கள். தியோடர் ரூஸ்வெல்ட் ஜனாதிபதி ஆவதற்கு முன் எழுதிய வேட்டைக் குறிப்புகளிலேயே அந்தப் பெயர் இருக்கிறது. கிளார்க் இந்தக் கரடியைச் சுட்டதோ 1923 ஆகஸ்டில்தான். முடி நுனி வெளுத்திருப்பதால் கிரிஸ்லியை 'சில்வர்டிப்' என்றும் அந்தப் பக்கத்தில் சொல்வதுண்டு.

இந்தக் கரடிக்கென்று தனியாக இருந்த பட்டப்பெயர் வேறு. பாதம் ஊனமாக இருந்ததால் 'மூன்று விரலன்' என்றார்கள். இது சுடப்பட்ட பிறகு யூட்டாவில் கிரிஸ்லியே இல்லாமல் போனது. இனத்துக்கே பொதுவாக இருந்த பெயர் கடைசியில் இந்த ஒன்றின் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டது. கட்டுரை சொல்லியிருக்க வேண்டிய கதை இதுதான் என்பேன்.

கிளார்க்கைப் பெரிய வீரராகக் காட்டியதிலும் எனக்கு உடன்பாடில்லை. காலில் இரும்புப் பொறியும் நீளச் சங்கிலியுமாக வந்த கரடியை அவர் இரவில் சுட்டார். பிற்காலத்தில் அதற்காக அவரே வருந்தினார்.

மகன் அங்கே படித்தபோது யூட்டாவின் லோகன் நகரில் சில காலம் தங்கியிருந்தோம். கரடியின் மண்டையோட்டை யூட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பார்த்தோம். கிளார்க் புதைத்த இடத்திலிருந்து சாரணர்கள் அதைத் தோண்டி எடுத்து வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு அனுப்ப, அவர்களுக்கு 25 டாலர் கிடைத்ததாம்; பிற்பாடுதான் அது லோகனுக்குத் திரும்பி வந்தது. ஏதோ பிரம்மாண்டமாக இருக்கும் என்று வந்த என் மனைவிக்கு ஏமாற்றம். அப்புறம் மலைமேல் இருக்கும் சமாதியில் 11 அடிக் கல்லைப் பார்த்தபோதுதான் சமாதானமானாள். நிமிர்ந்து நின்றால் கரடியின் உயரம் 9 அடி 11 அங்குலம் என்கிறார்கள்.

இன்னொன்று, நீங்கள் போட்ட படத்தில் இருப்பது கிரிஸ்லியே அல்ல, கருங்கரடி. பழுப்பு நிறத்தைப் பார்த்து ஏமாந்திருப்பார்கள். அமெரிக்காவின் மேற்கில் கருங்கரடிகளிலும் பழுப்பு நிறத்தவை நிறைய. கிரிஸ்லிக்குத் தோளில் திமில் புடைத்திருக்கும், முன்னங்கால் நகங்கள் நீளமாக இருக்கும். அடுத்த முறை படம் தேர்ந்தெடுப்பவரை முதலில் தோளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்