120 பேரிடம் கேட்டது போதும்: பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் தன்னாட்சிக் கல்லூரிகளிலும் வணிகவியல், நிதி மேலாண்மைப் பாடத்திட்டக் குழுக்களில் இருக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம்.

நிதிச் சந்தைகள், வங்கிகள் பற்றிப் பாடம் நடத்துகிறவன் நான். எம்.காம்., எம்.பி.ஏ. வைவாக்களுக்கு, அதாவது புராஜெக்ட் பற்றிய வாய்மொழித் தேர்வுகளுக்கு, எக்ஸ்டர்னலாகவும் (வெளித் தேர்வாளராகவும்) போய்வருகிறேன். அடுத்த பாடத்திட்டத் திருத்தத்தில் இறுதிப் பருவ புராஜெக்ட்டை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். மாணவர்களைக் கேள்விப் பட்டியலோடு அனுப்பியது போதும். மூன்று நான்கு பேராகச் சேர்ந்து, வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையை எடுத்து, அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்க்க விடுங்கள்.

இப்போது நடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மியூச்சுவல் ஃபண்டு பற்றி இந்த ஊர் முதலீட்டாளர்களின் விழிப்புணர்வு என்று ஒரு தலைப்பு. ஊர்ப்பெயரை மாற்றினால் பக்கத்துக் கல்லூரியின் தலைப்பு தயார். கூகுள் ஃபார்ம் ஒன்று வாட்ஸாப் குழுவில் சுற்றும். பதில் சொல்லும் 120 பேரில் பாதி வகுப்புத் தோழர்கள், மீதி சித்தப்பா பிள்ளைகள். அப்புறம் சதவீத அட்டவணை, பை சார்ட், ஒரு கை-ஸ்கொயர் (இரண்டு விஷயங்களுக்குத் தொடர்பு உண்டா என்று பார்க்கும் புள்ளியியல் சோதனை). முடிவாக, விழிப்புணர்வு முகாம் நடத்த வேண்டும் என்று வங்கிகளுக்கு ஓர் அறிவுரை. எந்த வங்கியும் அதைப் படிக்கப் போவதில்லை. இரண்டாம் அத்தியாயத்தில் முப்பது ஆய்வுக் கட்டுரைகளுக்கு ஆளுக்கு நாலு வரி இருக்கும். அந்த முப்பதில் ஒன்றையாவது முழுசாகப் படித்தீர்களா என்று வைவாவில் கேட்டால் மாணவர் கைடைப் பார்க்கிறார், கைடு ஜன்னலைப் பார்க்கிறார்.

மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இத்தனை அத்தியாயம், இத்தனை பக்கம், இந்த நிறத்தில் அட்டை என்று விதிமுறை கேட்கிறது. கேட்டதைக் கொடுக்கிறார்கள்.

ஒரு கட்டுரையை மாணவர்கள் திரும்பக் கணக்கிட்டுப் பார்ப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். 2013-ல் என்ன ஆனது என்பதைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஆம்ஹர்ஸ்ட்டில் உள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹெர்ன்டன் என்ற பொருளியல் மாணவருக்கு வகுப்பில் ஒரு வேலை கொடுத்தார்கள்: வெளியான கட்டுரை ஒன்றை எடுத்து, அதிலுள்ள எண்களை நீங்களே வரவழைத்துக் காட்டுங்கள். அவர் எடுத்தது கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு பெரிய பொருளியலாளர்கள் 2010-ல் எழுதியது. அரசின் கடன் ஜி.டி.பி.யில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சரிந்துவிடும் என்று சொன்ன கட்டுரை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அரசுச் செலவை வெட்டச் சொன்ன அரசியல்வாதிகள் கையில் அது ஆயுதமாக இருந்த காலம். ஹெர்ன்டனுக்கு அந்த எண்கள் வரவே இல்லை. கட்டுரை ஆசிரியர்களுக்கே எழுதிக் கேட்டார். அவர்களும் எக்செல் கோப்பை அனுப்பிவைத்தார்கள்.

திறந்து பார்த்தால், சராசரி எடுக்கும் சூத்திரம் ஐந்து வரிகளைத் தொடவே இல்லை. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் என்று ஆங்கில அகரவரிசையில் முதலில் வரும் ஐந்து நாடுகள் கணக்கிலிருந்து விடுபட்டிருந்தன. பத்திரிகைகளில் பெரிதாக வந்தது இந்த எக்செல் பிழைதான். ஆனால் பாடம் நடத்துகிற எனக்கு அதைவிட ருசியானது இன்னொன்று. 90 சதவீதத்துக்கு மேல் கடன் என்ற வகையில் நியூசிலாந்துக்கு ஒரே ஓர் ஆண்டுதான் எண்ணப்பட்டிருந்தது. அந்த ஆண்டு வளர்ச்சி மைனஸ் 7.6 சதவீதம். பிரிட்டனுக்கு 19 ஆண்டுகள், சராசரி 2.4 சதவீதம். மொத்தச் சராசரியில் இரண்டு நாடுகளுக்கும் ஒரே எடை! எல்லாவற்றையும் ஹெர்ன்டனும் அவருடைய ஆசிரியர்கள் இருவரும் திருத்திப் போட்டபோது, இந்த வகைக்கு மைனஸ் 0.1 சதவீதம் என்றிருந்த சராசரி வளர்ச்சி 2.2 சதவீதம் ஆனது. ரைன்ஹார்ட்டும் ரோகாஃபும் எக்செல் பிழையை ஒப்புக்கொண்டார்கள். கடன் கூடினால் வளர்ச்சி குறைகிறது என்ற வாதம் அப்படியேதான் நிற்கிறது என்றும் சொன்னார்கள். இதில் எந்தப் பக்கம் எவ்வளவு நியாயம் என்று பிரித்துப் பார்ப்பதே ஒரு குழுவுக்கு ஒரு பருவம் முழுக்கத் தாங்கும். அதற்கு வேண்டியது எக்செல், சராசரி, எடையிட்ட சராசரி. நம் பி.காம். மாணவருக்குத் தெரியாத கணக்கு இதில் எதுவும் இல்லை.

எல்லாரும் ஹெர்ன்டன் ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பிழை கண்டுபிடிப்பதுதான் நோக்கம் என்று வைத்தால், பிழை இல்லாத நல்ல கட்டுரை கிடைத்த குழு தவித்துப்போகும். அப்படி நல்ல கட்டுரையை வைத்து என்ன செய்யலாம்?

ராஜ்கமல் அய்யர், மஞ்சு பூரி இருவரும் 2012-ல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ என்ற ஆய்விதழில் எழுதியதை எடுத்துக்கொள்ளுங்கள். களம் குஜராத். 2001-ல் மாதவ்புரா மெர்க்கன்டைல் கூட்டுறவு வங்கி விழுந்தபோது, அதோடு பெரிய தொடர்பில்லாத வேறொரு கூட்டுறவு வங்கியிலும் மக்கள் பணத்தை எடுக்க ஓடினார்கள். யார் ஓடினார், யார் ஓடவில்லை, எந்த நிமிடத்தில் ஓடினார் என்ற விவரம் வரை இந்த ஆய்வாளர்கள் கையில் கிடைத்தது. நோய் எப்படித் தொற்றுகிறது என்று கணக்கிடும் முறையிலேயே பீதி எப்படித் தொற்றுகிறது என்று கணக்கிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்தது, உறவு வலையை அவர்கள் பிடித்த விதம். அப்போதெல்லாம் கணக்கு திறக்க, ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்தக் கையெழுத்தை வைத்தே யாருக்கு யாரைத் தெரியும் என்று வரைந்துவிட்டார்கள். உங்கள் வட்டத்தில் ஒருவர் பணத்தை எடுத்தால் நீங்களும் எடுக்கும் வாய்ப்பு கூடுகிறது. நெடுநாள் வாடிக்கையாளர்களும், அந்த வங்கியில் கடன் வாங்கியவர்களும் அவ்வளவாக ஓடவில்லை. வங்கியில் போட்ட பணத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை காப்பீடு இருந்தும் அது ஓரளவுதான் வேலை செய்தது. ஓடியவர்கள் பிறகு திரும்பி வரவுமில்லை.

இதைப் படித்த குழுவிடம் அடுத்து என்ன கேட்கலாம் என்று பாருங்கள். 1926-ல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கிக்கு 2020 நவம்பர் 17 அன்று தடை வந்தது. 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றார்கள். பத்தே நாளில் சிங்கப்பூரின் டி.பி.எஸ். வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைத்தும்விட்டார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில்தான் வைப்புக் காப்பீடு ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சமாக உயர்ந்திருந்தது. இன்று கணக்கு திறக்க ஆதாரும் பான் கார்டும் போதும், அறிமுகக் கையெழுத்து கிடையாது. பணத்தை எடுக்கக் கவுன்டர் முன் நிற்க வேண்டியதில்லை, படுக்கையிலிருந்தே மாற்றிவிடலாம். அப்படியானால் 2001-ன் முடிவுகளில் எது இன்றும் செல்லும், எது செல்லாது? காப்பீடு ஐந்து மடங்கானதும், வரிசை கண்ணுக்குத் தெரியாமல் போனதும் பீதியை எந்தப் பக்கம் தள்ளும்? இதற்குக் கூகுள் ஃபார்மில் விடை கிடையாது. கட்டுரையை உண்மையிலேயே படித்தவர்தான் வாய் திறக்க முடியும்.

பங்குச் சந்தைப் பக்கம் இன்னும் எளிது. நம் மாணவர்களில் பலர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஃபோனில் ஆப்ஷன் வாங்கி விற்கிறார்கள், தெரியுமல்லவா? 2024 செப்டம்பரில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி வெளியிட்ட ஆய்வு, மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்டு ஓ-வில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகத்தில்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணம் இழந்ததாகவும், மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியதாகவும் சொல்கிறது. அதன் பக்கத்தில் பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடீன் 2000-ல் எழுதிய கட்டுரையை வைக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 1991 முதல் 1996 வரை, ஒரே தரகு நிறுவனத்தின் 66,465 குடும்பங்களின் கணக்குகள். அதிகமாக வாங்கி விற்றவர்களுக்கு ஆண்டுக்கு 11.4 சதவீதம் கிடைத்தது, சந்தை தந்தது 17.9 சதவீதம். இரண்டும் ஒன்றையே சொல்கின்றன என்று அவசரக்காரக் குழு எழுதிவிடும். நல்ல குழு நின்று யோசிக்கும்: அங்கே பங்குகள், இங்கே பங்கு விலையை ஒட்டி எழுதப்படும் ஒப்பந்தங்களான டெரிவேட்டிவ். அங்கே வித்தியாசத்தைப் பெரும்பாலும் உண்டாக்கியது வாங்கி விற்கும் செலவு. இங்கேயும் அதுதானா, வேறு ஏதாவதா?

குழுவாகச் செய்தால் ஒருவர் உழைப்பார், மற்றவர்கள் பெயர் மட்டும் போடுவார்கள் என்பீர்கள். உண்மைதான். குழுவில் ஒவ்வொருவர் உழைப்பும் தனியாகத் தெரியாவிட்டால் ஆள் ஆளுக்கு நழுவுவார்கள் என்று 1982-லேயே கணிதத்தில் எழுதிக் காட்டியவர் பெங்ட் ஹோல்ம்ஸ்ட்ராம், 2016-ல் பொருளியல் நோபல் பெற்றவர்களில் ஒருவர். அதையும் ஒரு குழு எடுக்கலாம், தங்களைப் பற்றியே படிப்பார்கள். நம் அளவில் இதற்கு வழி எளிது. அறிக்கைக்குக் குழு மதிப்பெண் குறைவாகவும், வைவாவில் தனித்தனி மதிப்பெண் கூடுதலாகவும் இருக்கட்டும். யார் எந்தப் பகுதியை எழுதியிருந்தாலும், எந்த அட்டவணையைக் காட்டியும் யாரிடமும் கேட்கலாம் என்று விதியிலேயே போட்டுவிடுங்கள். ஏ.ஐ.யிடம் சுருக்கம் வாங்கி ஒட்டுவதற்கும் இதுவே மருந்து. மூன்றாம் அட்டவணையில் இந்த எண் ஏன் எதிர்மறையாக இருக்கிறது என்று முகத்துக்கு நேராகக் கேட்டால், ஒட்டியது உடனே தெரிந்துவிடும்.

ஆங்கிலம் பெரிய தடைதான். ஆனால் தடை படிப்பதில் இருப்பதைவிடப் பேசுவதில்தான் அதிகம். தமிழ்வழியில் படித்து வந்த பெண் ஒருத்தி கட்டுரையை அகராதி வைத்துக்கொண்டு புரிந்துகொள்வாள், வைவாவில் ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் வாயடைத்து நிற்பாள். வைவா தமிழிலும் நடக்கலாம் என்று எழுத்தில் ஒரு வரி வேண்டும். எக்ஸ்டர்னலின் தயவில் விடாதீர்கள்.

கட்டுரை கிடைப்பது அடுத்த சிக்கல். மத்திய அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியபின் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குப் பெரிய பதிப்பகங்களின் ஆய்விதழ்கள் திறந்திருக்கின்றன. சுயநிதிக் கல்லூரிகள் அதற்கு வெளியே நிற்கின்றன, நம் பிள்ளைகளில் பெரும்பகுதியினர் படிப்பதோ அங்கேதான். ஆகவே பல்கலைக்கழகமே ஆண்டுதோறும் பதினைந்து, இருபது கட்டுரைகளைத் தேர்ந்து, ஆய்வாளர்கள் தங்கள் பக்கங்களில் இலவசமாக வைத்திருக்கும் முன்வடிவங்களின் பட்டியலைத் தரலாம். தரவுக்கு ரிசர்வ் வங்கியின் தரவுத்தளமும் தேசியப் பங்குச் சந்தை தினமும் வெளியிடும் விலைக் கோப்பும் இருக்கின்றன, இரண்டுக்கும் காசு கிடையாது. கட்டுரைத் தேர்வில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். சமன்பாடுகளாலேயே நிறைந்ததைக் கொடுத்து மாணவர்களைப் பயமுறுத்தாமல், அட்டவணையை மையமாகக் கொண்டு பேசுகிறவற்றை எடுங்கள்.

குறைந்தபட்சப் பக்க எண்ணிக்கையையும் நீக்குங்கள். பதினெட்டுப் பக்கத்தில் முடிகிற வேலையை எண்பது பக்கமாக இழுக்க வைத்தால் இந்த மாற்றமும் பழைய இடத்துக்கே போய்ச் சேரும்.

ஒரேயடியாகக் கட்டாயமாக்க வேண்டாம். கைடுகளுக்கும் இது புதுசு, அவர்களும் கட்டுரையைப் படித்தாக வேண்டும். முதல் ஆண்டு விருப்பத் தேர்வாக வையுங்கள், கள ஆய்வு செய்ய விரும்புகிறவர் அதையே செய்யட்டும். பல்கலைக்கழகத்தின் கீழ் இணைந்திருக்கும் கல்லூரிகள் தாங்களாக எதையும் மாற்ற முடியாது, உங்கள் தீர்மானம் வந்தால்தான் உண்டு. தன்னாட்சிக் கல்லூரிகளின் குழுக்கள் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. தங்கள் அடுத்த கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொள்ளலாம். மதிப்பெண் பங்கீட்டின் மாதிரி ஒன்றும், முதல் ஆண்டுக்கான கட்டுரைப் பட்டியலும் என்னிடம் தயாராக இருக்கின்றன. எந்தக் குழு கேட்டாலும் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
நிதியியல் ஆசிரியர் ஒருவர்