‘எங்க போகணும்னு போடலையே’: முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கும், எங்கள் நகராட்சி ஆணையர் அவர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற புதன்கிழமை காலை மாணவர் சேர்க்கைப் பேரணி எங்கள் கடைவீதி வழியாகப் போனது. முன்னால் பறை, பின்னால் பேனர், நடுவில் வெயிலில் வாடிய ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். தாங்கள் கொடியசைத்துத் தொடங்கிவைத்த படத்தை மறுநாள் நாளிதழிலும் பார்த்தேன். நல்ல காரியம், குறை சொல்ல ஒன்றுமில்லை. பேரணியில் வந்த ஆசிரியை ஒருவர், என் கடைப்படியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்பிள்ளையின் கையில் ரோஸ் கலர் நோட்டீஸ் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். ‘அரசுப் பள்ளியில் சேருங்கள்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

அவள் அரசுப் பள்ளியில் சேருவதற்காகத்தான் பதினெட்டு நாளாக அந்தப் படியில் உட்கார்ந்திருக்கிறாள்.

நோட்டீஸை ஒரு வரி விடாமல் படித்தாள். விலையில்லாப் பாடநூல், சீருடை, காலை உணவு, மதிய உணவு, சைக்கிள், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய், மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு, எல்லாம் இருந்தது. திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறும் தாள். “மாமா, எங்க போயி யாரப் பாக்கணும்னு இதுல போடலையே?” என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பள்ளிக்கூடத் தெருவில் பதினான்கு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு எழுதித் தருகிறேன், ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தருகிறேன். எனக்கே தெரியவில்லை என்றால் திருப்பூரிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு தாய்க்கு எப்படித் தெரியும்? அதனால்தான் தங்களைக் கேட்கிறேன். ஊர்ப் பெயரையோ பள்ளிப் பெயரையோ நான் போடவில்லை. ஒரு தலைமையாசிரியரைக் காட்டிக்கொடுப்பதற்காக இதை எழுதவில்லை.

கதை தங்களுக்குப் புதிதல்ல. 2017 வறட்சியில் பயிர் கருகியபோது இங்கிருந்து கிளம்பி பனியன் கம்பெனிக்குப் போன குடும்பங்களில் ஒன்று. இப்போது பாட்டி பக்கவாதத்தில் படுத்துவிட்டதால் தாயும் இரண்டு பிள்ளைகளும் ஊர் திரும்பிவிட்டார்கள். அப்பா அங்கேயே ஷிப்டில் இருக்கிறார். மூத்தவள் எட்டாம் வகுப்பு, தம்பி மூன்றாம் வகுப்பு. இருவரும் அங்கே ஒரே தனியார் பள்ளியில் படித்தார்கள். கட்டண பாக்கி இருக்கிறது. பாக்கி கட்டினால்தான் டி.சி. என்று அந்தப் பள்ளி சொல்கிறது. டி.சி. போடாததால், எமிஸ் என்கிற கல்வித் துறையின் கணினிப் பதிவேட்டில் பிள்ளைகளின் பெயரும் அங்கேயே கிடக்கிறது, பள்ளி மாறுகிற பிள்ளைகளின் பொதுப் பட்டியலான காமன் பூலுக்கு வரவில்லை.

தம்பியைத் தொடக்கப் பள்ளிக்குக் கூட்டிப்போனார்கள். நானும் கூடப் போயிருந்தேன். தலைமையாசிரியை மஞ்சள் பையிலிருந்த காகிதங்களைப் பார்த்தார். டி.சி. இல்லை என்றதும் ஒரு நிமிஷம் யோசித்தார். அப்புறம், “காயிதம் வர்றப்ப வரட்டும். சாப்டியாடா தங்கம்? வா, உள்ள வந்து உக்காரு” என்றார். அவ்வளவுதான். பையன் அன்றைக்கே வகுப்பில் உட்கார்ந்துவிட்டான். காலை உணவுத் திட்டத்தை எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கியது 2023 ஆகஸ்ட் 25 அன்று நம் டெல்டாவின் திருக்குவளையில்தான் என்பது தங்களுக்கு நினைவிருக்கும். அந்தத் தட்டில்தான் பையன் இப்போது தினமும் சாப்பிடுகிறான்.

அக்காவை வேறு பள்ளிக்குக் கூட்டிப்போனார்கள். அதே பை, அதே காகிதம், அதே பாக்கி. “டி.சி. இல்லாம சேத்தா நாளைக்கு நான்தான் பதில் சொல்லணும்” என்றார் அங்கே இருந்தவர். அவர் கெட்டவர் இல்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் பேசினார். எமிஸில் ஒரு பிள்ளை இரண்டு இடத்தில் காட்டினால் மேலிடத்திலிருந்து போன் வரும், அந்த பயம் அவருக்கு. பாடம் நடத்துகிற நேரத்தைவிட அந்தத் திரையைப் பார்க்கிற நேரம் அதிகமாகிவிட்டது என்று ஆசிரியர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் அவருடைய பயத்துக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளை வட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள்.

காலை ஒன்பது மணிக்குத் தம்பியைக் கேட் வரை கொண்டுவிடுகிறாள். அவன் உள்ளே போய்த் தட்டை எடுக்கிற வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அப்புறம் நேராக என் கடைப்படிக்கு வந்துவிடுகிறாள். அம்மா இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டுப் பதினொரு மணிக்கு வருவார், இன்றைக்கு எந்த ஆபீசுக்குப் போகலாம் என்று கேட்பார். பழைய பள்ளியின் பாவாடையையும் சட்டையையும்தான் பிள்ளை தினமும் போட்டுக்கொண்டு வருகிறாள். ஒருநாள் ஏன் என்று கேட்டேன். “திடீர்னு சேத்துக்கிட்டாங்கன்னா மாமா?” என்றாள்.

இந்தப் பதினெட்டு நாளில் அவர்கள் போன இடங்களைச் சொல்கிறேன். எட்டாம் வகுப்பு நடுநிலைப் பள்ளியில் இருந்தால் தொடக்கக் கல்விப் பக்கம், உயர்நிலைப் பள்ளியில் இருந்தால் இடைநிலைப் பக்கம். ஒரே வகுப்பு, ஒரே புத்தகம், வேறு வேறு அலுவலகம். இவளுக்கு எது என்று சொல்ல ஆளில்லாததால் இரண்டுக்கும் போனார்கள். அங்கிருந்து வட்டார அலுவலகம். நகராட்சிப் பள்ளியாச்சே என்று யாரோ சொல்ல, நகராட்சி அலுவலகம். கட்டடம்தான் எங்களுடையது, ஆசிரியர் துறையுடையவர் என்று அங்கே பதில் வந்தது. அதுவும் உண்மைதான். அப்புறம் மாவட்டத் தலைநகருக்கு ஒரு திங்கள்கிழமை, மனு நாளுக்கு. பெண்களுக்கு இலவசம் டவுன் பஸ்ஸில்தானே, தலைநகர் போகிற பஸ்ஸில் இரண்டு பேருக்கும் டிக்கெட். மனு வாங்கிக்கொண்டார்கள், ரசீது கொடுத்தார்கள். அந்த மனு கீழே இறங்கி இறங்கி, முதலில் இல்லை என்று சொன்ன அதே மேசைக்கு ‘உரிய நடவடிக்கைக்காக’ வந்து சேர்ந்திருக்கிறது.

நடுவில் ஆதார் வேறு. ஆதாரில் அவள் பெயரில் ஓர் ஆங்கில ‘எச்’ கூடுதலாக இருக்கிறது, மதிப்பெண் அட்டையில் இல்லை. அந்த ஒரு எழுத்துக்காக அவளுக்கு ஒரு நாளும் அம்மாவுக்கு ஒரு நாள் கூலியும் போயின. போனுக்கு வரவேண்டிய ஓ.டி.பி. அப்பா நம்பருக்குப் போகிறது. ஷிப்டில் இருக்கும்போது அவர் போனை எடுக்க முடியாது. எடுக்கிறபோது அதன் நேரம் முடிந்திருக்கிறது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் குழப்பத்தில் எனக்கு லாபம் உண்டு. பக்கத்துக்கு இரண்டு ரூபாய், மனுவுக்கு முப்பது ரூபாய். ஜூன் மாதம் என் கடைக்கு ஐப்பசி மாதிரி. இந்தக் குடும்பத்திடம் நான் வாங்கவில்லை, ஆனால் மற்றவர்களிடம் வாங்குகிறேன். ஆகவே, நீங்கள் இதைச் சரிசெய்தால் நஷ்டப்படுகிற முதல் ஆள் நான் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தைத் தங்களுக்குச் சொல்ல நான் யார்? ஆனாலும் மனுவில் எழுதி எழுதி எனக்கு மனப்பாடமாகிவிட்டது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிற கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு, டி.சி. தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்கிறது. வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது என்கிறது 14-வது பிரிவு. சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்று மறுக்கக் கூடாது என்கிறது 15-வது பிரிவு. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கட்டண பாக்கியை வசூலிக்கிற கருவி அல்ல டி.சி. என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. இத்தனையும் இருக்க, ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. நல்ல மனசுக்காரர் நாற்காலியில் இருந்தால் சட்டம் நடக்கிறது, பயந்தவர் இருந்தால் நடக்கவில்லை.

கேட்பது பெரிதல்ல. ஊரில் ஒரே ஒரு மேசை போடுங்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறவர் முதலில் அங்கே வரட்டும். எந்தப் பள்ளி, எந்த வகுப்பு என்று சொல்லி அன்றைக்கே பிள்ளையை வகுப்பில் உட்காரவைக்கிற அதிகாரம் அந்த மேசைக்கு இருக்க வேண்டும். காணாத காகிதத்தைத் தேடுவது மேசையின் வேலையாக இருக்கட்டும், தாயின் வேலையாக வேண்டாம். திருப்பூர் அலுவலகத்துக்கு நீங்கள் ஒரு போன் போட்டால் முடிகிற காரியத்துக்கு அவர் நாலு பஸ் மாறி அலைகிறார்.

நோட்டீஸில் இருந்த 7.5 சதவீதத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அதைப் படித்துவிட்டு, “இவளுக்கும் அது உண்டா அண்ணே?” என்று அந்த அம்மா கேட்டார். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்று விதி. இவள் ஆறும் ஏழும் தனியார் பள்ளி. நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அப்ப ரெண்டு வருசம் காசையும் கட்டி, இதையும் விட்டுட்டமா?” என்றார். கம்பெனிக் குடியிருப்புக்குப் பக்கத்தில் இருந்தது என்பதற்காகத்தான் அந்தப் பள்ளி. ஐந்தாம் வகுப்பு முடிந்தபோது, ஆறில் எங்கே சேர்க்கிறோம் என்பதில் இவ்வளவு இருக்கிறது என்று ஓர் ஆள் சொல்லியிருந்தால் போதும். அந்த ஓர் ஆளைத்தான் கேட்கிறேன்.

எங்கள் ஊர்த் தனியார் பள்ளிகளின் பேனரில் பாருங்கள், முகப்பிலேயே போன் நம்பர். மிஸ்டு கால் கொடுத்தால் மாலையே ஒருவர் பைக்கில் வீட்டுக்கு வந்துவிடுகிறார். பாரத்தை அவரே நிரப்புகிறார், டீ கூட நம் கையால்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பதில்லை. காசு வாங்குகிறவன் வாசல் வரை வருகிறான். இலவசமாகக் கொடுக்கிற நாம், நாலு அலுவலகத்தை ஒளித்துவைத்துக் கண்டுபிடி பார்க்கலாம் என்கிறோம். பிறகு சேர்க்கை குறைகிறதே என்று பறை அடிக்கிறோம்.

டெல்டாக்காரர்கள் பெருமை பேச உட்கார்ந்தால் முதலில் வாயில் வருவது கும்பகோணத்து ராமானுஜன். 1887-இல் அவர் பிறந்தது ஈரோட்டில். அப்பாவுக்குக் கும்பகோணத்தில் ஜவுளிக்கடைக் கணக்கு வேலை. பிள்ளை கும்பகோணத்திலும் காஞ்சிபுரத்திலும் பள்ளி மாறிப் படித்து, அப்புறம் தாத்தா வீட்டில் இருக்கச் சென்னை போய், அந்தப் பள்ளி பிடிக்காமல் அடம்பிடித்து, மறுபடி கும்பகோணத்துக்கே வந்து சேர்ந்தது. இன்றைக்கு வந்திருந்தால், “தம்பி, உம் பேரு இன்னும் மெட்ராஸ் ஸ்கூல்லதான் காட்டுது. காமன் பூலுக்கு வந்ததும் வா” என்று அனுப்பிவைத்திருப்போம். அவரும் ஏதாவது கடைப்படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

அந்த மேசையை எங்கே போடுவது என்றால், வட்டார வள மையத்தின் முன் அறை போதும். இல்லாவிட்டால் நகராட்சியில் பிறப்புச் சான்று கொடுக்கிற ஜன்னலுக்குப் பக்கத்தில், பாதிப் பேர் அங்கே எப்படியும் வருகிறார்கள். ஆளுக்கு ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர். பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெற்றோர்தானே பெரும்பான்மை, முறை போட்டு அவர்களில் ஒருவரும் கூட உட்காரலாம். கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது என்பது தெரியும். ஆனால் போனில் பேசுகிறவர் மஞ்சள் பையைப் பிரித்து எந்தக் காகிதம் இருக்கிறது, எது இல்லை என்று பார்க்க முடியாது. ஜூனில் மட்டும் போட்டு எடுத்துவிடாதீர்கள். தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு திரும்புகிற குடும்பம் உண்டு, பொங்கலுக்கு வந்து அப்படியே தங்கிவிடுகிற குடும்பம் உண்டு. மேட்டூரில் தண்ணீர் திறந்த சேதி வந்துவிட்டால் கடைமடை வயல் நனைந்துவிடாது, மடையில் ஓர் ஆள் மண்வெட்டியோடு நிற்க வேண்டும் என்பது இந்தப் பக்கத்து அதிகாரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மேசை வாங்க நிதி இல்லை, டெண்டர் விட வேண்டும் என்றால் அதுவும் வேண்டாம். என் கடையில் மரமேசை ஒன்று சும்மா கிடக்கிறது. ஒரு கால் மட்டும் கொஞ்சம் ஆடும், அட்டை வைத்தால் சரியாகிவிடும். சொல்லுங்கள், தூக்கிக்கொண்டு வருகிறேன். அதன் பின்னால் உட்கார ஓர் ஆளை மட்டும் தயவுசெய்து தாங்கள் கொடுங்கள்.

இப்படிக்கு,
பள்ளிக்கூடத் தெரு ஜெராக்ஸ் கடைக்காரன்

பி.கு.: ஞாயிறு தவிர எல்லா நாளும் காலை ஒன்பதே காலுக்கு அவள் கடைப்படிக்கு வந்துவிடுவாள். ஆள் அனுப்புவதாக இருந்தால் அந்த நேரத்துக்கு அனுப்பலாம். பை கையிலேயே இருக்கும்.